கார்மார்தனும் அபர்வானும்: வேல்ஸின் 1966

வேல்ஸின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1966ஆம் ஆண்டை இரண்டாகப் பிரித்து, வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துவிடுகிறார்கள். ஜூலை 14 அன்று கார்மார்தன் இடைத்தேர்தலில் பிளைட் கம்ரி என்ற வேல்ஸ் தேசியக் கட்சி தன் முதல் நாடாளுமன்ற இடத்தை வென்றது அரசியல் அத்தியாயத்தில் வருகிறது. அக்டோபர் 21 அன்று அபர்வான் என்ற சுரங்கக் கிராமத்தின் மேல் நிலக்கரிக் கழிவு மேடு சரிந்து, 116 குழந்தைகளும் பெரியவர்கள் 28 பேரும் மாண்டது துயரங்களின் அத்தியாயத்தில் வருகிறது. அபர்வான் விசாரணை அறிக்கையை முதலிலிருந்து கடைசிவரை பொறுமையாக வாசித்தவர்களுக்கு இந்தப் பிரிவினை சரியென்று படாது. இரண்டு நிகழ்வுகளுக்கும் அடியில் ஒரே கேள்விதான் கிடக்கிறது. தனக்கு வரப்போகும் ஆபத்தை ஓர் ஊர் தானே கண்டு, எழுத்து மூலம் சொன்ன பிறகும், முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவருக்கு அதைக் கேட்டாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லையென்றால், அந்த ஊர் என்ன செய்யும்?

இந்தக் கேள்வி 1966இல் பிறந்ததல்ல. அதற்கு முந்தைய ஆண்டு, அதே அக்டோபர் 21 அன்று, வடக்கு வேல்ஸின் பாலா நகருக்கு அருகே டிரவெரின் பள்ளத்தாக்கில் ஓர் அணையின் திறப்பு விழா நடந்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காகக் கட்டப்பட்ட அந்த அணைக்குள் கேப்பல் கெலின் என்ற கிராமம் மூழ்கிப்போயிருந்தது. வேல்ஸ் மொழியை மட்டுமே அன்றாடம் பேசி வாழ்ந்த அந்தச் சிற்றூரில் ஒரு பள்ளி, ஓர் அஞ்சலகம், ஒரு தேவாலயம், அதையொட்டிய கல்லறை, சில வீடுகள், சுற்றிலும் பண்ணைகள் என்று இருந்தவை அத்தனையும் நீருக்கடியில் போயின. அணைக்கு அனுமதி தந்த 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை பிரிட்டன் நாடாளுமன்றத்தின் வேல்ஸ் உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. இருந்தும் சட்டம் நிறைவேறியது. லிவர்பூல் மாநகராட்சி நேரடியாக நாடாளுமன்றத்திடமிருந்தே அதிகாரம் பெற்றுக்கொண்டதால், உள்ளூர் மன்றங்களின் ஒப்புதலும் தேவைப்படவில்லை. திறப்பு விழாவில் கற்கள் பறந்தன, ஒலிபெருக்கிக் கம்பிகள் அறுக்கப்பட்டன, நிகழ்ச்சி சில நிமிடங்களில் முடிக்கப்பட்டது. ஒரு நாட்டின் பிரதிநிதிகள் ஒருவர் பாக்கியில்லாமல் ஆதரவு தர மறுத்தாலும் அந்த மறுப்புக்கு எடை இல்லை என்பதை வேல்ஸ் மக்கள் டிரவெரினில் கண்கூடாகப் பார்த்தார்கள். 1956இல் கேப்பல் கெலின் மக்கள் தம் குழந்தைகளோடு லிவர்பூல் வீதிகளில் ஊர்வலம் போனபோது அவர்களோடு நடந்தவர்களில் ஒருவர் குவின்வோர் எவன்ஸ். அப்போது அவர் பிளைட் கம்ரியின் தலைவர்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடலோர நகரமான பாரியில், ஆங்கிலம் பேசும் சூழலில் வளர்ந்து, வேல்ஸ் மொழியைப் பின்னால் கற்றுக்கொண்டவர். போருக்கு எதிரான கொள்கையில் உறுதியாக நின்றவர். கார்மார்தன்ஷயரின் லங்கடாக் பகுதியில் கண்ணாடிக் கூடங்களில் தக்காளி பயிரிட்டுப் பிழைத்தார். 1945இலிருந்து கட்சித் தலைவராக இருந்தார். அந்தக் கட்சியோ 1925இல் தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாடாளுமன்றத் தேர்தலில்கூட வென்றதில்லை. தேர்தலுக்குத் தேர்தல் நின்று தோற்பதையே கடமையாகக் கொண்ட கட்சி என்று அதை மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். 1966 மார்ச் 31 பொதுத்தேர்தலிலும் கார்மார்தனில் எவன்ஸ் மூன்றாவது இடத்துக்கே வந்தார்.

அந்தத் தேர்தலில் கார்மார்தனை வென்றவர் தொழிற்கட்சியின் மேகன் லாயிட் ஜார்ஜ். முன்னாள் பிரதமர் டேவிட் லாயிட் ஜார்ஜின் மகள். முன்பு லிபரல் கட்சியில் இருந்தவர். வேல்ஸுக்குத் தனி நாடாளுமன்றம் வேண்டுமென்று 1950களில் சுமார் 2,40,000 கையெழுத்துகளைத் திரட்டிய இயக்கத்துக்குத் தலைமை தாங்கியவர். அந்த மனு நாடாளுமன்றத்திடம் கொடுக்கப்பட்டது, அதோடு சரி. எந்தப் பலனும் விளையவில்லை. கடும் நோயில் இருந்ததால் 1966 பிரசாரத்தில் அவரால் கலந்துகொள்ள முடியவில்லை. மே 14 அன்று அவர் இறந்தார்; இரண்டு மாதத்தில் இடைத்தேர்தல் வந்தது.

தொழிற்கட்சி நிறுத்திய குவிலிம் பிரிஸ் டேவிஸும் வேல்ஸ் மொழி பேசுபவர், வேல்ஸுக்கு அதிகாரம் வேண்டுமென்று உழைத்தவர். ஆகவே கார்மார்தன் மக்கள் வேல்ஸ்காரருக்கும் அந்நியருக்கும் இடையே தேர்ந்தெடுக்கவில்லை. லண்டனில் ஆளும் கட்சிக்குக் கட்டுப்பட்ட ஒருவருக்கும், அப்படிக் கட்டுப்படாத ஒருவருக்கும் இடையில் தேர்ந்தெடுத்தார்கள். சுரங்கங்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்தன, நாட்டுப்புறப் பள்ளிகளின் எதிர்காலம் கேள்விக்குறியாக இருந்தது, கொஞ்ச காலம் முன்புதான் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி மேல் மனக்கசப்பு ஏறிக்கொண்டிருந்தது. வாக்குகள் எண்ணப்பட்டபோது எவன்ஸுக்கு 16,179, டேவிஸுக்கு 13,743. 2,436 வாக்கு வித்தியாசத்தில் பிளைட் கம்ரி வென்றது. முடிவு அறிவிக்கப்பட்ட இரவில் கார்மார்தன் நகர மண்டபத்தின் முன்னால் கூடியிருந்த கூட்டம் கலைய மனமில்லாமல் பாடிக்கொண்டிருந்தது.

ஒரு வாரம் கழித்து எவன்ஸ் லண்டனுக்குப் போனார். உறுப்பினராக உறுதிமொழி எடுக்கும்போது அதை வேல்ஸ் மொழியில் எடுக்க அனுமதி கேட்டார். சபாநாயகர் மறுத்தார், ஆங்கிலத்தில்தான் எடுக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து நடக்கவிருந்ததோடு ஒப்பிட்டால் இது சிறிய விஷயந்தான். ஆனாலும், பிரிட்டன் தீவில் ஆங்கிலத்துக்கும் முந்திய மொழியொன்றுக்கு, அதைப் பேசும் மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய மன்றத்திலேயே நுழைய வழியில்லை என்பதை நாடே அன்று பார்த்தது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1962 பிப்ரவரியில், பிளைட் கம்ரியை நிறுவியவர்களில் ஒருவரான எழுத்தாளர் சாண்டர்ஸ் லூயிஸ் தம் வானொலி உரையில், மொழிக்காகப் போராடாவிட்டால் வேல்ஸ் மொழி அந்த நூற்றாண்டைத் தாண்டாது என்று எச்சரித்திருந்தார். நீதிமன்ற அழைப்பாணைகளையும் அரசுப் படிவங்களையும் வேல்ஸ் மொழியில் கேட்டு இளைஞர்கள் அபராதம் கட்ட மறுத்து நின்ற காலம் அது. 1967 ஜூலையில் நிறைவேறிய வேல்ஸ் மொழிச் சட்டம் நீதிமன்றங்களில் அந்த மொழியைப் பேசும் உரிமையை விரிவாக்கியது. கார்மார்தன் வெற்றி இல்லாமலும் அந்தச் சட்டம் வந்திருக்கக்கூடும், ஏனென்றால் அதற்கான குழுவின் அறிக்கை 1965இலேயே வந்துவிட்டது. இருந்தாலும், அரசு அதைக் கிடப்பில் போடாமல் பார்த்துக்கொண்டதில் கார்மார்தனுக்குப் பங்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

அந்தக் கோடையில் வேறு சிலவும் நடந்தன. ஆகஸ்டில் அபராவன் என்ற வேறோர் ஊரில் கூடிய, ஐஸ்டெட்வோட் என்ற வேல்ஸ் மொழித் தேசியக் கலை இலக்கிய விழாவில், கார்டிகன்ஷயர் விவசாயி டிக் ஜோன்ஸ், அறுவடையைப் பாடிய மரபுக் கவிதைக்காக நாற்காலிப் பரிசு பெற்றார். வரிக்குள்ளேயே மெய்யெழுத்துகள் வரிசை மாறாமல் திரும்பி வர வேண்டும் என்று விதிக்கும் கடினமான யாப்பு அது. எதுகை, மோனையில் பழகிய காதுக்கு அந்தக் கட்டுப்பாட்டின் சுகம் எளிதில் பிடிபடும். பகலெல்லாம் வயலில் உழைக்கும் ஒருவர் அந்த யாப்பில் முதலிடம் பெறுவதை அங்கே யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அந்த மண்ணின் கவிதை அப்படித்தான் உயிரோடு இருந்து வந்திருக்கிறது. செப்டம்பர் 8 அன்று செவர்ன் பாலத்தை அரசி திறந்துவைத்தார். தெற்கு வேல்ஸுக்குப் புதிய பொருளாதார யுகம் பிறந்துவிட்டதென்று பேசப்பட்டது.

அபர்வான் அந்தத் தெற்கு வேல்ஸில்தான் இருக்கிறது. மெர்த்திர் டிட்வில் நகருக்குத் தெற்கே, டாஃப் ஆற்றின் மேற்குக் கரையில், மெர்த்திர் வேல் சுரங்கத்தை நம்பி எழுந்த ஊர். 1947 ஜனவரி 1 முதல் பிரிட்டனின் சுரங்கங்கள் அனைத்தும் தேசிய நிலக்கரி வாரியத்தின் கைக்கு வந்தன. மக்களின் சார்பில் வாரியம் இவற்றை நடத்துகிறது என்று ஒவ்வொரு சுரங்க வாசலிலும் பலகை வைத்தார்கள். சுரங்கத் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் பெற்ற நாட்டுடைமை அது. அபர்வானை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பலகையும் எனக்கு நினைவுக்கு வருகிறது. அந்த ஊரைப் புதைத்தது லாபவெறி பிடித்த தனி முதலாளி அல்ல. அந்த மக்கள் தங்களுடையது என்று நம்பிய நிறுவனம்.

சுரங்கத்திலிருந்து வெளிவரும் கல்லையும் மண்ணையும் ஊருக்கு மேலே மலைச்சரிவில் கொட்டினார்கள். 1966 வரையில் இப்படி ஏழு மேடுகள் எழுந்திருந்தன. ஏழாவது மேட்டை 1958இல் தொடங்கினார்கள். இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் மலைமேல் நடந்து பார்த்துத் தீர்மானித்தார்களே தவிர, நிலத்தைத் துளையிட்டுச் சோதிக்கவில்லை. அந்த இடத்தில் ஊற்றுகள் இருப்பதை நில அளவைத் துறையின் வரைபடங்கள் காட்டின. காசு கொடுத்து யாரும் கடையில் வாங்கக்கூடிய வரைபடங்கள் அவை. அந்த மேட்டில் நிலக்கரியைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சும் நுண்துகள் கழிவையும் சேர்த்துக் கொட்டினார்கள். ஈரம் ஏறினால் அது கட்டுறுதி இழந்து திரவமாக ஓடத் தொடங்கும். 1944இல் நான்காவது மேடு சரிந்திருந்தது. 1963இல் ஏழாவது மேடே சரிந்திருந்தது.

ஊரார் பேசாமல் இருக்கவில்லை என்பதே இந்த வரலாற்றில் மனத்தை அறுக்கும் பகுதி. 1963 ஜூலையில் மெர்த்திர் நகரமன்றப் பொறியாளர் ஒரு கடிதம் எழுதினார். பான்ட்கிளாஸ் பள்ளிகளுக்குப் பின்னால் கொட்டப்படும் நிலக்கரிச் சேற்றால் வரும் ஆபத்து என்பதே அதன் தலைப்பு. பள்ளியின் பெயர் அதில் இருந்தது, பொருளின் பெயர் இருந்தது, ஆபத்து என்ற சொல்லும் இருந்தது. நகரமன்றத்துக்கும் வாரியத்துக்கும் இடையே மாதக் கணக்கில் கடிதங்கள் போய்வந்தன. மேடு நகர்ந்தால் பள்ளி முழுவதும் ஆபத்துக்குள்ளாகும் என்று 1964 ஜனவரியில் நகரமன்றக் குழுக் கூட்டத்தில் ஒரு பெண் உறுப்பினர் சொன்னார். 1965இல், மலையிலிருந்து கறுப்பு நீர் இறங்கிப் பள்ளியருகே தேங்குவதைப் பற்றித் தாய்மார் மனு கொடுத்தார்கள். பார்த்துக்கொள்கிறோம் என்ற வகைப் பதில்களே கிடைத்தன. கழிவு தொடர்ந்து கொட்டப்பட்டது.

அக்டோபர் 21 வெள்ளிக்கிழமை. அன்று நண்பகலோடு பள்ளியில் பருவ இடை விடுமுறை தொடங்கவிருந்தது. பள்ளத்தாக்கை மூடுபனி நிறைத்திருந்தது. மலைமேல் மட்டும் வெயில். காலையில் மேட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள் அதன் உச்சி பத்தடி அளவுக்கு உள்வாங்கி, வண்டிகள் ஓடும் தண்டவாளங்கள் பள்ளத்தில் விழுந்து கிடப்பதைப் பார்த்தார்கள். தொலைபேசிக் கம்பி திருட்டுப் போயிருந்ததால் ஒருவரைக் கீழே நடத்தி அனுப்பினார்கள். கொட்டுவதை நிறுத்தும்படியும் பாரந்தூக்கியைப் பின்னுக்கு நகர்த்தும்படியும் உத்தரவு வாங்கிக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது மேடு இன்னும் பத்தடி தாழ்ந்திருந்தது. பாரந்தூக்கியை நகர்த்தும் முன் தேநீர் குடித்துவிடலாம் என்று அவர்கள் கொட்டகைக்குள் போன நேரத்தில், பாரந்தூக்கி ஓட்டுநரின் கண்ணெதிரே, பள்ளத்திலிருந்து கழிவு மெல்ல மேலெழுந்து, வேகம் பிடித்து, அலையாகத் திரும்பிக் கீழே மூடுபனிக்குள் இறங்கியது. ஊரில் இருந்தவர்கள் ஜெட் விமானம் தாழப் பறப்பது போன்ற இரைச்சலைக் கேட்டார்கள். காலை 9.15 மணி. பான்ட்கிளாஸ் தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் வகுப்பறைகளுக்குள் அப்போதுதான் போயிருந்தார்கள். பள்ளியின் பெரும்பகுதியும் அதையொட்டிய வீடுகளும் புதைந்தன.

சுரங்கத்திலிருந்து ஆட்கள் மேலே வந்து, விளக்குத் தொப்பியோடு நேராகப் பள்ளிக்கு ஓடினார்கள். அவர்களில் பலர் அந்தக் குழந்தைகளின் தந்தையர். அவ்வப்போது ஊதல் ஊதப்படும். நூற்றுக்கணக்கானோர் தோண்டுவதை நிறுத்திவிட்டு, உள்ளிருந்து குரல் வருகிறதா என்று மூச்சடக்கிக் கேட்பார்கள். பதினொரு மணிக்குப் பின் எவரும் உயிரோடு மீட்கப்படவில்லை. பெத்தானியா தேவாலயம் பிணவறையாயிற்று. போர்வைகளுக்கு இடையே பெற்றோர் தம் பிள்ளைகளைத் தேடி நடந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் ஏழு முதல் பத்து வயதுக்குட்பட்டவர்கள். அடுத்த திங்கட்கிழமை நடந்த மரண விசாரணையில், அதிகாரி ஒரு குழந்தையின் இறப்புக் காரணத்தைப் படித்தபோது, அதன் தந்தை எழுந்து, தேசிய நிலக்கரி வாரியத்தால் உயிரோடு புதைக்கப்பட்டான் என்று எழுதச் சொன்னார்; அப்படித்தான் பதிவாக வேண்டுமென்று வற்புறுத்தினார்.

அபர்வானைப் பற்றிய பெரும்பாலான எழுத்துகளில் நமக்குக் காட்டப்படுவது கண்ணீர்தான். நினைவு நாள் தோறும் அதே படங்கள் வருகின்றன. ஆனால் அந்தத் தந்தை அங்கே அழுததற்கு மேலும் ஒன்றைச் செய்தார்: குற்றவாளியின் பெயரைச் சொன்னார். அந்தப் பெற்றோரின் கோபத்தை நினைவிலிருந்து கழித்துவிட்டு அவர்களுடைய துக்கத்தை மட்டும் போற்றுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வாரியத்தின் தலைவர் ராபன்ஸ் பிரபு, செய்தி கிடைத்த பிறகும், சர்ரே பல்கலைக்கழகத்தில் வேந்தராகப் பொறுப்பேற்கும் விழாவை முடித்துக்கொண்டு, மறுநாள்தான் அபர்வான் வந்தார். மேட்டுக்கடியில் இருந்தவை யாரும் அறியாத இயற்கை ஊற்றுகள் என்று தொலைக்காட்சியில் சொன்னார். மவுண்டன் ஆஷில் பிறந்த நீதிபதி எட்மண்ட் டேவிஸின் தலைமையில் தீர்ப்பாயம் 76 நாட்கள் அமர்ந்து 136 சாட்சிகளை விசாரித்தது. 1967 ஆகஸ்ட் 3 அன்று வந்த அறிக்கை, பழி தேசிய நிலக்கரி வாரியத்தையே சாரும் என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னது. இது கயவர்கள் செய்த கொடுமையல்ல என்றும், தகுதியில்லாத வேலைகளில் அமர்த்தப்பட்ட நல்ல மனிதர்களின் திறமையின்மையும், தெளிவான எச்சரிக்கைகளைப் புறக்கணித்ததும், மேலிருந்து வழிகாட்டுதல் சிறிதும் இல்லாததும் சேர்ந்து விளைவித்தது என்றும் அது விளக்கியது. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. எவரும் வேலை இழக்கவில்லை. ராபன்ஸ் தந்த ராஜினாமா ஏற்கப்படவில்லை.

கேட்பாரற்றுப்போன எச்சரிக்கைகளை மட்டும் வைத்து, வேல்ஸுக்குச் சொந்த அரசு இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட முடியுமா? சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் மெர்த்திர் தொகுதியின் உறுப்பினர் எஸ். ஓ. டேவிஸின் சாட்சியம் என்னைத் தடுக்கிறது. அவர் முன்னாள் சுரங்கத் தொழிலாளி. 1955இல் வேல்ஸுக்குத் தன்னாட்சி கோரி நாடாளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவரும் அவரே. மேடு சரியக்கூடும் என்று தமக்கு நெடுநாளாகச் சந்தேகம் இருந்தது என்றும், அதைப் பெரிதாக எழுப்பினால் சுரங்கத்தையே மூடிவிடுவார்களோ என்று அஞ்சியதாகவும் அவர் தீர்ப்பாயத்தில் கூறினார். கடிதங்களைத் தட்டிக்கழித்த வாரிய அலுவலர்களிலும் வேல்ஸ்காரர்கள் உண்டு. கார்மார்தனில் வேல்ஸ் மொழி பேசிய விவசாயிகளும் அபர்வானில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசிய சுரங்கத் தொழிலாளர்களும் ஒரே அரசியலைச் சேர்ந்தவர்களும் அல்லர். ஆகவே அதிகாரம் எத்தனை மைல் தொலைவில் இருந்தது என்பது மட்டுமல்ல சிக்கல். பிழைப்பையும் பாதுகாப்பையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்தி, இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று ஓர் ஊரை மிரட்டும் நிலைமைதான் அந்த வாய்களைக் கட்டியது. அந்த நிலைமையை மாற்றும் அதிகாரம் மெர்த்திரிலும் இல்லை, வேல்ஸின் தலைநகர் கார்டிஃபிலும் இல்லை. ஹாம்ஸ்டெட்டிலோ ஈட்டனிலோ, அதிகாரமும் செல்வமும் உடையவர்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மேலே இப்படியொரு மலை எழுந்திருக்குமா என்று குவின்வோர் எவன்ஸ் பின்னர் கேட்டார். வர்க்கத்தையும் தேசத்தையும் ஒருசேரத் தொட்ட கேள்வி அது. கார்மார்தன் அனுப்பிய மனிதர் அபர்வானுக்காகப் பேசியது அந்த ஆண்டின் இரு பாதிகளும் சேரும் இடம்.

பின்னர் நடந்ததைப் படிக்கும்போது கோபம் இன்னும் மூளுகிறது. வாரியம் ஒரு குழந்தைக்கு 500 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. உலகெங்குமிருந்து பொதுமக்கள் அனுப்பிய உதவி நிதியோ ஏறத்தாழ 17.5 லட்சம் பவுண்டாகச் சேர்ந்தது. அதிலிருந்து பெற்றோருக்குக் கொடுப்பதற்கு முன், இறந்த பிள்ளையோடு அவர்கள் எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள் என்று விசாரிக்க வேண்டுமென்ற யோசனைகூட அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் ஆணையத்திடமிருந்து எழுந்தது. ஊருக்கு மேலே எஞ்சியிருந்த மேடுகளை அகற்றும்படி மக்கள் கேட்டபோது, அவை பாதுகாப்பாகத்தான் இருக்கின்றன என்று அரசு கைவிரித்தது. மழை பெய்த இரவுகளில் அந்த ஊர்த் தாய்மாரால் எப்படிக் கண்மூட முடிந்திருக்கும்? 1968இல் அபர்வான் மக்கள் சேற்றை மூட்டைகளில் கட்டி எடுத்துக்கொண்டு கார்டிஃபில் உள்ள வேல்ஸ் அமைச்சகத்துக்குப் போய் அங்கேயே கொட்டினார்கள். அதற்குப் பிறகே மேடுகளை அகற்ற அரசு இசைந்தது. அப்போதும் செலவில் 1,50,000 பவுண்டை உதவி நிதியிலிருந்தே வாங்கிக்கொண்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்காக ஏழை எளியவர்கள் அனுப்பிய காசு, அந்தப் பிள்ளைகளைக் கொன்ற கழிவை அள்ளுவதற்குச் செலவாயிற்று.

கார்டிஃபிலிருந்து டாஃப் பள்ளத்தாக்கில் ஏறும் ரயிலில் மெர்த்திர் வேல் நிலையத்தில் இறங்கி, ஆற்றைக் கடந்தால் அபர்வான். நான் போயிருந்தபோது பள்ளி நின்ற இடத்துத் தோட்டத்தில் ஒரு வயதானவர் இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். மலைச்சரிவில் இருக்கும் கல்லறையில் குழந்தைகளுக்காக எழுப்பிய வெள்ளை வளைவுகள் இரண்டு வரிசைகளாக நிற்கின்றன; பள்ளத்தாக்கின் எதிர்க்கரையிலிருந்தே தெரியும். அருகே போய்ப் பெயர்களையும் வயதுகளையும் படித்தேன். ஒரே குடும்பப் பெயர் திரும்பத் திரும்ப வருவதைக் கண்ட பிறகு தொடர்ந்து படிக்க முடியவில்லை. மேலே மலை இப்போது புல் மூடிப் பசுமையாக இருக்கிறது. சுரங்கம் 1989இல் மூடப்பட்டுவிட்டது. ஊரின் தெருக்களுக்கும் அந்தச் சரிவுக்கும் இடையே உள்ள தூரம் எத்தனை குறைவு என்பதை நேரில் பார்க்கும்போதுதான் உணர முடிகிறது. வாரிய அலுவலர்களும் இதே தூரத்தைக் கண்ணால் பார்த்தவர்கள்தானே.

1979இல் வேல்ஸுக்குத் தனி மன்றம் வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது மக்கள் நாலுக்கு ஒன்று என்ற அளவில் வேண்டாம் என்றார்கள். 1997 செப்டம்பர் 18 அன்று மறுபடி கேட்டபோது, 6,721 வாக்கு வித்தியாசத்தில் வேண்டும் என்றார்கள். அன்றிரவு கடைசியாக வந்த முடிவு கார்மார்தன்ஷயருடையது. அதுவரை பின்தங்கியிருந்த ஆதரவுத் தரப்பு அந்த எண்ணிக்கையால்தான் வென்றது. அந்தப் பிரசாரத்தை முன்னின்று நடத்திய வேல்ஸ் அமைச்சர் ரான் டேவிஸ், அதே ஆண்டில் அபர்வான் நிதியிலிருந்து எடுக்கப்பட்ட 1,50,000 பவுண்டைத் திருப்பிக் கொடுத்தார். வட்டி சேர்க்கப்படவில்லை. 2007இல், கார்டிஃபில் அமைந்த வேல்ஸ் அரசுதான் கல்லறையையும் தோட்டத்தையும் பராமரிக்கும் அறக்கட்டளைக்கு 15 லட்சம் பவுண்டும், கல்விக்கான அறக்கட்டளைக்கு 5 லட்சம் பவுண்டும் வழங்கியது.

மேடுகளின் பிரச்சினை அபர்வானோடு முடிந்துவிடவில்லை. 1969இல் வந்த சட்டம் இயங்கும் சுரங்கங்களின் மேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு அனாதையாக விடப்பட்ட மேடுகள் வேல்ஸில் 2,500க்கும் மேல் இருக்கின்றன. 2020 பிப்ரவரிப் புயலில் ரோண்டாவின் டைலர்ஸ்டவுனில் ஒன்று சரிந்து ஆற்றுக்குள் இறங்கியது. 2024 நவம்பரில் கும்டிலெரியில் இன்னொன்று சரிந்து, குடும்பங்கள் இரவில் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டன. 2025இல் வேல்ஸ் நாடாளுமன்றமான செனட், இந்த மேடுகளைப் பதிவு செய்யவும், கண்காணிக்கவும், உரிமையாளர் யாராக இருந்தாலும் சீர்செய்ய உத்தரவிடவும் தனி ஆணையம் அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.